ஆச்சி போட்டோவை ஏ.ஐ.ல போடுறதுக்கு முன்னாடி

நான் கோவில்பட்டி பக்கம் ஸ்டூடியோ வச்சிருக்கேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுக்கறதுதான், ஆனா இப்ப எல்லார் கையிலயும் நல்ல கேமரா போன் இருக்கறதால கடைக்கு வர்ற வேலையில பெரும்பகுதி பழைய போட்டோ சரிபண்றதா மாறிடுச்சு. வீட்டுல ஒருத்தர் தவறிட்டா பதினாறாம் நாள் விசேஷத்துக்குள்ள பிரேம் போட்ட படம் வேணும். போஸ்டர் அடிக்க ஒண்ணு, மாலை போட ஒண்ணு, மகன் மகள் வீட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு. இந்த வேலைக்குள்ள ஏ.ஐ. வந்ததுலேர்ந்து என்னென்ன நடக்குதுன்னு கிட்ட இருந்து பாத்துட்டு இருக்கேன். டிவியில பேசறவங்க எல்லாம் வேலை போயிடும், உலகம் அழிஞ்சிடும்னு பேசறாங்க, இருக்கலாம், எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியல. என் மேசையில நான் தினம் பாக்கறது வேற ஒண்ணு. தவறிப்போனவங்க முகம் மாறுது, அதுவும் வீட்டுல யாரும் கவனிக்காமலே மாறுது.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். போட்டோ நடுவுல கிழிஞ்சிருக்கும், மழைத்தண்ணி பட்டு பூஞ்சை பூத்திருக்கும், கரையான் ஒரு ஓரத்தைத் தின்னிருக்கும். இதை எல்லாம் போட்டோஷாப்ல ஸ்டாம்ப் டூல் வச்சு புள்ளி புள்ளியா சரிபண்ண முன்னாடி அரை நாள் ஆகும், இப்ப சில நிமிஷத்துல முடியுது. பின்னாடி சுவரு, சட்டைத் துணி, வேட்டி மடிப்பு, இதுக்கெல்லாம் ஏ.ஐ. ரொம்ப அருமையான வேலைக்காரன். காசும் குறைஞ்சிருக்கு, முன்னாடி இதுக்கு செலவு பண்ண முடியாத வீட்டுக்காரங்களும் இப்ப தைரியமா வர்றாங்க. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

பிரச்சனை முகத்துலதான்.

நம்ம பக்கத்துல எழுபது எம்பது வயசு தாண்டி தவறின பொம்பளையாட்களுக்கு தனியா ஒரு போட்டோ இருக்கறதே அபூர்வம். ஆம்பளைங்களுக்காவது வேலை, லைசென்ஸ், கட்சி, சங்கம்னு எதையாவது சாக்கா வச்சு ஒண்ணு எடுத்திருப்பாங்க. ஆச்சிக்கு இருக்கறது வாக்காளர் அட்டை படம். 1993ல சேஷன் தேர்தல் ஆணையரா இருந்தப்ப போட்டோ வச்ச அட்டை ஆரம்பிச்சாங்களே, அதுக்கு எடுத்ததுதான் பல ஆச்சிமாருக்கு வாழ்க்கையில எடுத்த முதல் தனிப்படம். அதுக்கப்புறம் ஆதார் படம், இல்லன்னா பேத்தி கல்யாண ஆல்பத்துல ஓரமா நாற்காலியில உக்காந்திருக்கற குரூப் போட்டோ. அட்டையில இருக்கற படம் பிரிண்ட் ஆகி, ஜெராக்ஸ் மாதிரி கறுத்து, லேமினேஷன் உரிஞ்சு வரும். குரூப் போட்டோவுல முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். இதை 12க்கு 15 இஞ்ச் பிரேம் பண்ணித் தாங்கன்னு கேப்பாங்க.

ஒரு குடும்பம் வந்தாங்க. அம்மா தவறி ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. பேரன் பெங்களூர்ல வேலை பாக்கற பையன், பாசமான பையன், அவனே போன்ல ஒரு ஆப்ல போட்டு ஆச்சி முகத்தை பளிச்சுன்னு ஆக்கிக் கொண்டு வந்திருந்தான். பிரிண்ட் மட்டும் போட்டா போதும்னான். நான் ஸ்கிரீன்ல ஓப்பன் பண்ணினேன், உள்ளபடியே நல்லா இருந்துச்சு, கண்ணு மின்னுது, தோல் சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியுது, தலைமுடி ஒவ்வொரு இழையா தெரியுது. பையனோட அம்மா, அதாவது தவறினவங்க மூத்த மகள், பக்கத்துல நின்னு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "தம்பி, எங்க அம்மா காது எங்க?"

ஒரிஜினல் குரூப் போட்டோவை வாங்கி ஸ்கேன் பண்ணி பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் புரிஞ்சுது. அந்த அம்மா பாம்படம்ங்கற கனமான காது நகை போட்ட ஆள். சின்ன வயசுலயே காதை வளத்து, துளை தோள் கிட்ட வரை தொங்கும். பிள்ளைங்க படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் பாம்படத்தை வித்துட்டாங்களாம், அதுக்கப்புறம் கடைசி வரை காது வெறுமனேதான் தொங்கிட்டு இருந்திருக்கு. குரூப் போட்டோவுல கன்னத்துக்குக் கீழ அந்த வெறும் காது ஒரு மெல்லிசு வளையமா மங்கலா தெரியுது. ஆப் என்ன பண்ணியிருக்குன்னா, அந்த வளையத்தை நகைன்னு நினைச்சு, சாதாரண அளவுல ஒரு காதை வரைஞ்சு, அதுல ஒரு ஜிமிக்கியை மாட்டி விட்டிருக்கு. "அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணல, போட்டோவைப் போட்டேன், அதுவா இப்படித் தந்துச்சு"ன்னான் பையன். அவன் சொன்னது நிஜம். அவனுக்கு ஆச்சி காது தெரியாமலா இருக்கும், சின்ன வயசுல அந்தக் காதைப் பிடிச்சு விளையாடினவன்தானே, ஆனா படம் அவ்வளவு தெளிவா இருந்ததுல கண்ணு அங்க போகல.

இது ஏன் நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. மங்கலான முகத்தைத் தெளிவாக்கற சாஃப்ட்வேர் எதுவும் மறைஞ்சிருக்கற விவரத்தைத் தோண்டி எடுக்கல, ஏன்னா படத்துல அந்த விவரமே இல்ல. ஆயிரக்கணக்கான தெளிவான முகங்களைப் பாத்துப் பழகியிருக்கும், இந்த மங்கலுக்குப் பொருத்தமா எந்த மாதிரி முகம் இருக்கலாம்னு யூகிச்சு வரையும். 2021ல சீனாவோட டென்சென்ட் ஆராய்ச்சிக் குழு ஜிஎஃப்பிகேன்னு ஒண்ணை இலவசமா வெளியிட்டாங்க, முகம் சரிபண்ற ஆப் பலதுக்கும் அது அடிப்படை. அதைப் பழக்கினது ஃபிளிக்கர்ங்கற போட்டோ தளத்துலேர்ந்து என்விடியா கம்பெனி ஆளுங்க சேகரிச்ச 70,000 முகப்படத் தொகுப்பை வச்சு. அதுல காது வளத்த தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லா ஆச்சிங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? அதுக்குத் தெரிஞ்ச காதைத்தான் அது வரையும். நம்ம ஊருக்கு மட்டும் வந்த வினையும் இல்ல இது. 2020ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துக்காரங்க உருவாக்கின ஒரு சாஃப்ட்வேர்ல ஒபாமாவோட மங்கலான படத்தைப் போட்டா ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்துச்சுன்னு பெரிய சர்ச்சையே ஆச்சு. ஒபாமாவை உலகத்துக்கே தெரியும், தப்புன்னு உடனே சொல்லிட்டாங்க. ஆச்சியைத் தெரிஞ்சவங்க வீட்டுல நாலு பேர்தான், அவங்களும் துக்கத்துல இருப்பாங்க.

காது ஒண்ணு மட்டும் இல்ல. பெரியம்மை தழும்பு இருக்கற முகம் வந்தா துடைச்சு எடுத்துடுது. இந்தியாவுல கடைசி பெரியம்மை 1975ல, அதனால தழும்போட இருக்கற கடைசித் தலைமுறை இப்பதான் போயிட்டு இருக்காங்க, அந்த முகங்க படத்துலயும் இல்லாம போகுது. நெத்தியில விபூதிப் பட்டை மங்கலா இருந்தா சுருக்கமா மாத்திடும். ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து ஆச்சிக்கு, சேலை கட்டியிருக்காங்கங்கற ஒரே காரணத்துக்கு, ஏ.ஐ. நெத்தியில பெரிய சிவப்புப் பொட்டு வச்சு விட்டிருந்துச்சு. இன்னொரு வீட்டுல முப்பது வயசுலயே புருஷன் போய், அதுக்கப்புறம் பொட்டே வைக்காத அம்மாவுக்கு பொட்டும் பூவும் வந்துச்சு. அந்த வழக்கம் சரியா தப்பாங்கறது வேற பேச்சு, பொட்டு வச்சே படம் வேணும்னு மகள்களே கேட்டு வாங்கிட்டுப் போன வீடும் உண்டு, அது அவங்க முடிவு, எனக்கு அதுல சந்தோஷம்தான். கேக்காம ஒரு மிஷின் பண்றதுதான் எனக்குப் பொறுக்கல.

நிறத்தைப் பத்தியும் சொல்லியாகணும். கறுப்பு வெள்ளைப் படத்தை கலராக்கறப்ப நம்ம ஆளுங்க தோலை எப்பவும் ரெண்டு மூணு படி வெளுத்துத்தான் தருது. வீட்டுக்காரங்களும் "நல்லா கலரா வந்திருக்கு"ன்னு வாங்கிட்டுப் போறாங்க. கரிசல் காட்டுல வெயில்ல நின்னு பருத்தி எடுத்த மனுஷி, அவங்க பேத்தி சுவத்துல பாக்கறது யாரோ ஒரு வெள்ளையான பாட்டியை. எனக்கு இது மனசு ஒப்பல, அதனால கேட்டாலும் கேக்காட்டாலும் நான் தோல் நிறத்தை இறக்கித்தான் கொடுக்கறேன், பக்கத்துல மகன் மகள் நின்னா அவங்க கையைப் பாத்து நிறம் வைப்பேன்.

"அண்ணாச்சி, முன்னாடி நீங்க பண்ணலையா"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. ஸ்டூடியோக்காரங்க காலங்காலமா முகத்துல கை வச்சவங்கதான். நெகட்டிவ்ல பென்சில் வச்சு மருவை எடுத்தோம், சட்டை போடாத தாத்தாவுக்கு கோட்டு போட்ட உடம்புல தலையை ஒட்டினோம், தனித்தனியா இருந்த புருஷன் பொண்டாட்டியை ஒரே படத்துல ஜோடியா உக்கார வச்சோம். ஆனா என்ன மாத்தறோம்னு எனக்கும் தெரியும், கேட்டவங்களுக்கும் தெரியும், கோட்டு தாத்தாவோடது இல்லன்னு வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்ப ஆப்ல போட்டு எடுக்கறப்ப மாறினது என்னன்னு போட்டவனுக்கும் தெரியல, வாங்கினவனுக்கும் தெரியல. இன்னும் இருபது வருஷத்துல ஒரிஜினல் தொலைஞ்சு போய் இந்தப் படம்தான் மிஞ்சும், கொள்ளுப்பேரன் அதைத்தான் ஆச்சின்னு நம்புவான்.

அந்தப் பாம்படம் போட்ட ஆச்சி குடும்பத்துக்கு என்ன பண்ணினேன்னா, கிழிசலையும் பின்னணியையும் மட்டும் ஏ.ஐ.ல சரிபண்ணினேன், முகத்தை விட்டுட்டேன், வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஏத்தினேன். பெருசாக்கினா மங்கல் தெரியும்ங்கறதால படத்தை 6க்கு 8 வச்சு, சுத்தி அகலமா வெள்ளை பார்டர் விட்டு பெரிய பிரேம்ல போட்டேன். தள்ளி நின்னு பாத்தா முகம் நல்லாவே தெரியுது, காதும் தெரியுது. போஸ்டருக்கு அந்த ஆப் படமே போகட்டும், தெளிவா இருக்குன்னு மருமக சொன்னாங்க, மூத்த மகள் ஒத்துக்கல, அரை மணி நேரம் கடையிலயே பேச்சு நடந்துச்சு. கடைசியில போஸ்டருக்கும் இதுதான் போச்சு.

இனி உங்க வீட்டுல இப்படி ஒரு வேலை வந்தா என்ன பண்ணலாம்னு சொல்றேன்.

படத்தை வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாதீங்க. போட்டோவா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும், எச்.டி. போட்டாலும் கொஞ்சம் போகும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஸ்கேன் பண்ண வழி இல்லன்னா காலையில ஜன்னல் ஓரத்துல வச்சு, வெயில் நேரா படாத இடத்துல, பிளாஷ் போடாம, நேர் மேல இருந்து எடுங்க. போன்ல பியூட்டி மோடு ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, சில போன்ல நம்மைக் கேக்காமலே அது ஆன்ல இருக்கு. ஸ்கேன்னா சின்னப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி, வேணும்னு கேட்டு வாங்குங்க. பாஸ்போர்ட் சைஸ் படத்தை 600ல ஸ்கேன் பண்ணினா கிடைக்கறது கிட்டத்தட்ட 830க்கு 1060 புள்ளி. நல்லா 12க்கு 15 பிரிண்ட் போட, இஞ்சுக்கு 300 புள்ளி வீதம், 3600க்கு 4500 வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க, பதினெட்டு புள்ளியில ஒண்ணுதான் உங்க அம்மாவோடது, மிச்சம் பதினேழும் மிஷின் போட்டது. அதனாலதான் வர்றவங்க கிட்ட எல்லாம் சின்னதா பிரிண்ட் போடுங்கன்னு மன்றாடறேன்.

கடைக்காரர் கிட்ட முகத்துக்கு ஏ.ஐ. போடாதீங்கன்னு வாய் விட்டுச் சொல்லுங்க. சொல்லலன்னா போட்டுத்தான் தருவாங்க, ஏன்னா பளிச்சுன்னு இருந்தாத்தான் ஆளுங்க காசு தர்றாங்க. முகமே தெரியல, போட்டுத்தான் ஆகணும்னா ஒரிஜினலை கீழ லேயர்ல வச்சு, ஏ.ஐ. படத்தை மேல வச்சு, கண்ணு, மூக்கு, வாய், காது இருக்கற இடத்துல மாஸ்க் போட்டு அழிச்சு ஒரிஜினலை வெளிய கொண்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா ஏ.ஐ. லேயரை இருபது முப்பது சதவீதத்துக்கு இறக்கச் சொல்லுங்க. வேலை தெரிஞ்சவருக்கு பத்து நிமிஷ வேலைதான் இது. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி தவறினவரோட கூடப்பிறந்தவங்க, இல்ல பக்கத்து வீட்டுல ரொம்ப வருஷம் பழகினவங்க யாராவது ஒருத்தர் பாக்கட்டும். பேரப்பிள்ளைங்க பாத்து ஓகே சொன்னது பத்தாது, அவங்க பாத்தது வயசான முகத்தை மட்டும்தான்.

கலர் பண்ணணும்னா, கறுப்பு வெள்ளையில அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் ஒரே மாதிரி கறுப்பாத்தான் இருக்கும், அதை எந்த மிஷினாலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. வீட்டுல கேளுங்க. ஒரு தடவை கல்யாணப் படம் ஒண்ணுக்கு அந்தச் சேலையையே பீரோவுலேர்ந்து எடுத்துட்டு வந்து விரிச்சுக் காட்டினாங்க, பாசிப்பச்சை, வாடாமல்லி பார்டர், ஏ.ஐ. போட்டிருந்தது நீலம். சேலை இல்லன்னா, தெரியலன்னா, கறுப்பு வெள்ளையாவே விட்டுடுங்க, அதுக்கு ஒரு குறையும் இல்ல.

பேர், தோற்றம், மறைவு தேதி எல்லாம் ஏ.ஐ. படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லாதீங்க. பல தடவை தமிழ் எழுத்துல புள்ளி போயிடுது, கொம்பு இடம் மாறுது, பாக்கறதுக்கு எழுத்து மாதிரி இருக்கும், படிச்சா ஒண்ணும் வராது. பின்னணி மட்டும் எடுத்துக்கிட்டு எழுத்தைத் தனியா டைப் பண்ணுங்க.

இப்ப வீடியோவுக்கு வர்றேன், ஏன்னா இப்ப அதிகமா வர்றது இதுதான். 2021ல மைஹெரிடேஜ் கம்பெனி பழைய போட்டோவுல கண்ணு சிமிட்ட வச்சப்ப எல்லாரும் ஆச்சரியமா பாத்தோம், அதோட விட்டோம். 2024 ஜனவரியில ஒரு புத்தக வெளியீட்டு விழாவுல கலைஞரை ஏ.ஐ.ல பேச வச்சாங்க, அடுத்த மாசமே ஜெயலலிதா பிறந்தநாளுக்கு அ.தி.மு.க.வுல அவங்க குரல்லயே ஆடியோ விட்டாங்க. அதுலேர்ந்து "கலைஞரையே பேச வச்சாங்கல்ல, எங்க அப்பாவையும் பேச வைங்கண்ணே"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பதினாறாம் நாள் அன்னிக்கு எல்.இ.டி. ஸ்கிரீன் வச்சு, அப்பா கை தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி, "எல்லாரும் ஒத்துமையா இருங்கப்பா"ன்னு சொல்ற மாதிரி.

அப்படி ஒண்ணு வேற ஆளு பண்ணி ஓட்டினப்ப நான் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். சின்ன மகள் விம்மி விம்மி அழுதுட்டு, மறுபடி போடுங்கன்னு கேட்டாங்க, அவங்களுக்கு அது நிஜமாவே ஆறுதலா இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். பெரிய மகன் எழுந்து வெளிய போயிட்டார். தவறினவரோட வீட்டம்மா, வயசானவங்க, ஞாபகம் முன்ன பின்ன இருக்கறவங்க, ஸ்கிரீனைப் பாத்து "எப்ப வந்தாரு?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குப் பூரா அதையே கேட்டுட்டு இருந்தாங்க, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் அவர் போயிட்டாரும்மான்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அவங்களுக்கு அது புதுச் சாவு.

அதுக்கப்புறம் என் கிட்ட வீடியோ கேட்டு வந்தா நான் முதல்ல கேக்கறது, வீட்டம்மாவோ வீட்டுக்காரரோ சம்மதிச்சாங்களா, கூடப்பிறந்தவங்க எல்லாருக்கும் தெரியுமாங்கறதுதான். ஒருத்தர் வேண்டாம்னாலும் பண்றதில்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 2024ல மறைஞ்ச பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரலை ஏ.ஐ.ல கொண்டு வந்தப்ப குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, அதுக்கான தொகையும் கொடுத்ததா அவரே சொன்னார். ஒரு தெலுங்குப் படத்துல எஸ்.பி.பி. குரலை கேக்காம பயன்படுத்தினதுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் விட்டார். அவ்வளவு பெரிய ஆளுங்க விஷயத்துலயே கேக்கணும்னா, நம்ம வீட்டு மனுஷருக்கும் கேக்கணும்தானே. இன்னொண்ணு, தவறினவர் வாழ்நாள்ல சொல்லாத வார்த்தையை அவர் வாயில வைக்க நான் சம்மதிக்கறதே இல்ல. "ஒத்துமையா இருங்க"ன்னு நல்லதைத்தானே சொல்றோம்னு கேப்பாங்க. சொத்துப் பிரச்சனை ஓடிட்டு இருக்கற வீட்டுல அது யாருக்கு ஆதரவான பேச்சுன்னு சொல்லிப் பாருங்க. கண்ணு சிமிட்டி லேசா சிரிக்கற அளவுக்கு, சத்தம் இல்லாம, அவ்வளவுதான் பண்ணித் தர்றேன், ஓரத்துல ஏ.ஐ.ல செஞ்சதுன்னு எழுதித்தான் தர்றேன்.

குரல் வேணும்னா போன்ல பழைய வாய்ஸ் மெசேஜ் இருக்கும், தேடிப் பாருங்க. "சாப்டியா, பஸ் ஏறிட்டியா, மருந்து வாங்கிட்டு வா"ன்னு ஏதாவது இருக்கும். அதை டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க, போன் மாத்தறப்ப போயிடும். அந்த ஆடியோவை ஊர் பேர் தெரியாத ஆப்ல ஏத்தாதீங்க, குரலை அப்படியே எடுக்க ரொம்பக் கொஞ்ச நேரப் பேச்சே போதும்ங்கற காலம் இது. உயிரோட இருக்கறவங்க குரலுக்கு இது இன்னும் முக்கியம்.

பழைய படம், ஏ.ஐ. போட்ட படம் ரெண்டையும் ஒரே பென்டிரைவ்ல, பேர் மாத்தி, எது எதுன்னு தெரியற மாதிரி வாங்கிக்கோங்க. பிரேமுக்குப் பின்னாடியும் ஒரு வரி எழுதுங்க, எந்த வருஷம் எடுத்தது, எங்க எடுத்தது, என்ன மாத்தினதுன்னு. புதுப்படம் நல்லா இருக்கேன்னு பழசைத் தூக்கிப் போடறவங்க நிறைய பேர், தயவு செஞ்சு போடாதீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு இதைவிட நல்ல வழி வந்தா அப்பவும் அந்தப் பழசுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

சுவத்துல மாட்டியிருக்கற பழைய படம் கண்ணாடியோட ஒட்டிப்போயிருந்தா நீங்களா உரிக்காதீங்க. முகம் இருக்கற இடமே கண்ணாடியில ஒட்டிக்கிட்டு வந்துடலாம், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. பின்பலகையை மட்டும் கழட்டிட்டு, படத்தைக் கண்ணாடியோடயே துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க, கண்ணாடி மேலயே வச்சு ஸ்கேன் பண்ணிக்கலாம். மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொண்டு வந்தா இன்னும் நல்லது.